முப்பதைத் தாண்டியும் படிக்கலாம்

(எமது சங்கத்தின் ஞாயிறு ஒன்றுகூடலில் ஒரு சகோதரி வாசித்த உரை. அவரது பேச்சு நடையைப் பெரிதும் மாற்றாமல் இந்தப் புத்தாண்டு மலரில் தருகிறோம்.)



எனக்கு மேடையில் பேசுகிற பழக்கம் இல்லை. செயலாளர் அண்ணைதான், "நீங்கள் வேலைக்கும் போய்க்கொண்டு படிக்கிறியள் தானே, அதைப்பற்றி ஒரு இருபது நிமிஷம் கதையுங்கோ" என்று கேட்டார். அதனால் எழுதிக்கொண்டு வந்து வாசிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் ஆசிரியை அல்ல. 2008 ஆம் ஆண்டு, ஏ-9 பாதை பூட்டியிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஏ.எல். சோதனை எழுதினேன். அதோடு என்னுடைய படிப்பு நின்றுவிட்டது. இப்போது லண்டனுக்கு மேற்கே ஒரு உணவுத் தொழிற்சாலையில் சாண்ட்விச் பொதி செய்கிற வரிசையில் நிற்கிறேன். பின்னேர ஷிப்ற், இரண்டு மணியிலிருந்து பத்து மணிவரை. வயது முப்பத்தாறு, இரண்டு பிள்ளைகள். இந்த வைகாசி, ஆனி மாதங்களில் ஜி.சி.எஸ்.ஈ. கணிதச் சோதனை எழுதப் போகிறேன்.

இந்த வயதில் ஏன் இந்தச் சோதனை என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் வரிசையில் முன்பு பதினான்கு பேர் நின்றோம். புது மெஷின் வந்தபின் எட்டுப் பேர்தான் நிற்கிறோம். அடுத்த மெஷின் எப்போது வரும் என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். நேர்ஸ் படிப்புக்கோ ஆசிரியர் படிப்புக்கோ விண்ணப்பிக்கிறதென்றால் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் 4 ஆம் தரச் சித்தி அல்லது அதற்குச் சமமானதைக் கேட்கிறார்கள். ஊரில் எடுத்த சான்றிதழ் சிலருக்கு இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. வைத்திருப்பவர்களுக்கும் எல்லா இடத்திலும் அது செல்லுபடியாகும் என்று இல்லை. ஆகவே எங்களில் பலருக்குப் படிப்பு இன்னும் ஒரு பொழுதுபோக்கு ஆகவில்லை. அதே நேரம் அதை ஒரு தண்டனை மாதிரிச் செய்யவும் தேவையில்லை. எப்படிப் படித்தால் தலையில் நிற்கும், எப்படிப் படித்தால் சலிக்காது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஐந்தில் வளையாதது

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமோ" என்று எங்கள் ஆட்கள் சொல்லுவார்கள். பிள்ளைகளை ஒழுங்காக வளர்ப்பதற்குச் சொன்ன பழமொழியை நாங்கள் எங்களுடைய மூளைக்கே பூட்டாகப் போட்டுவிட்டோம். இதற்கு இந்த லண்டன் மாநகரத்திலேயே ஒரு மறுமொழி ஓடித் திரிகிறது. கறுப்பு ராக்சியைத்தான் சொல்கிறேன்.

கறுப்பு ராக்சி ஓடுகிற அனுமதி எடுப்பதற்கு "நொலெட்ஜ்" என்று ஒரு சோதனை இருக்கிறது. சாறிங் குறொஸ் என்ற இடத்தை நடுவாக வைத்து, ஆறு மைல் தூரத்துக்குள் இருக்கிற ஏறக்குறைய 25,000 வீதிகள் தலைக்குள் இருக்க வேண்டும். அதற்கு முதற்படியாக 320 பாதைகளைப் பாடமாக்க வேண்டும். பொதுவாக மூன்று நான்கு வருஷம் எடுக்கும். இதைப் படிக்கிறவர்கள் வளர்ந்தவர்கள், குடும்பக்காரர்கள். பலர் வேறு வேலை செய்துகொண்டு, ஒழிந்த நேரத்தில் சின்ன மோட்டார் சைக்கிளில் வீதி வீதியாகத் திரிந்து படிக்கிறவர்கள்.

லண்டன் யுனிவேர்சிற்றி கொலிஜைச் சேர்ந்த எலினோர் மக்வயர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இந்த ராக்சிக்காரர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். மூளையில் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. இடங்களையும் வழிகளையும் நினைவில் வைக்கிற பகுதி அது. அதன் பின்பக்கம் மற்றவர்களைவிட ராக்சிக்காரர்களுக்குப் பெரிதாக இருக்கிறது என்று 2000 ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். அப்போது ஒரு கேள்வி வந்தது. அப்படிப்பட்ட மூளை உள்ளவர்கள்தான் ராக்சி ஓட வருகிறார்களோ என்று. அதற்கும் மறுமொழி தேடினார்கள். படிக்கத் தொடங்குகிற 79 பேரின் மூளையை முதலில் படம் எடுத்து, மூன்று நான்கு வருஷம் கழித்துத் திரும்பவும் பார்த்து 2011 இல் வெளியிட்டார்கள். 39 பேர் சித்தியடைந்திருந்தார்கள். தொடக்கத்தில் இவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. படித்துச் சித்தியடைந்தவர்களுக்கு மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. அவர்கள் வாரத்தில் கூடுதலான மணித்தியாலங்கள் படித்தவர்களாகவும் இருந்தார்கள்.

வளர்ந்த ஆளின் மூளையும் படிப்புக்கு வளையும் என்று இதிலிருந்து விளங்குகிறது. ஆனால் தானாக வளையாது, வளைக்க வேண்டும். எப்படி வளைப்பது என்பதையும் அதே ராக்சிக்காரர்களிடம் படிக்கலாம். அவர்கள் இரண்டு இரண்டு பேராக இருப்பார்கள். ஒருவர் வரைபடத்தை வைத்துக்கொண்டு, இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு எப்படிப் போவாய் என்று கேட்பார். மற்றவர் வரைபடத்தைப் பாராமல் ஒவ்வொரு வீதியாக வாயால் சொல்லிக்கொண்டு போவார். இந்த முறையைத்தான் அடுத்துச் சொல்லப் போகிறேன்.

பார்க்காமல் சொல்லிப் பார்த்தல்

புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதுதான் படிப்பு என்று பலர் நினைக்கிறோம். மஞ்சள் பேனையால் கோடு கீறுகிறோம். மூன்றாம் தரம் வாசிக்கும்போது எல்லாம் தெரிந்தமாதிரி இருக்கும். ஆனால் அது கண்ணுக்குப் பழகிய முகம் மட்டும்தான். சந்தியில் ஒருவரைக் காண்கிறோம், முகம் தெரியும், பெயர் வராது. அந்த மாதிரி. சோதனையில் கேட்பது பெயரை.

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2006 இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஒரு பாடப்பகுதியை மாணவர்களில் ஒரு பகுதியினர் நான்கு தரம் வாசித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு தரம் வாசித்துவிட்டு, மற்ற மூன்று தரமும் புத்தகத்தை மூடி வைத்து, ஞாபகத்தில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். ஆனால் ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு 40 வீதம்தான் ஞாபகம். மூடிவைத்து எழுதினவர்களுக்கு 61 வீதம். எங்களுக்குச் சோதனை ஐந்து நிமிஷத்தில் வருவதில்லை, மாதங்கள் கழித்து வருகிறது. ஆகவே எங்களுக்குப் பொருந்துவது இரண்டாவது முறை.

இதில் எங்களைப் போன்ற தொழிலாளருக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பார்க்காமல் சொல்லிப் பார்க்கிறதுக்குப் புத்தகமே தேவையில்லை. எங்கள் தொழிற்சாலையில் வரிசைக்குள் கடுதாசி கொண்டுபோக முடியாது, சாப்பாட்டில் விழுந்துவிடும். ரெலிபோன் லொக்கருக்குள் இருக்க வேண்டும். மெஷின் சத்தத்துக்குக் காதை அடைத்திருப்போம், பக்கத்தில் நிற்கிறவரோடு கதைக்கவும் ஏலாது. தலை மட்டும்தான் எங்களுடையது. நான் ஷிப்ற் தொடங்க முன் ஒரேயொரு கேள்வியைத் தலைக்குள் எடுத்துக்கொண்டு போவேன். வட்டத்தின் பரப்பளவு எப்படி? ஐந்தில் மூன்று எத்தனை வீதம்? கை பாண் துண்டை அடுக்கும், தலை கணக்கை அடுக்கும். இடைவேளையில் லொக்கரைத் திறந்து விடையைப் பார்ப்பேன். சரியோ பிழையோ, தேடிக் களைத்த பின் பார்க்கிற விடை மனதில் ஒட்டிக்கொள்ளும். வெட்டுகிற மெஷினில் நிற்கிறவர்கள், வாகனம் ஓட்டுகிறவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அவர்கள் பஸ்ஸில் செய்யலாம்.

இடைவெளி விட்டுப் படித்தல்

ஹேர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன்காரர் 1885 இல் ஞாபகத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் பரிசோதித்தது தன்னைத்தானே. அர்த்தமில்லாத அசைகளைப் பட்டியலாக எழுதிப் பாடமாக்கினார். ஒரே நாளில் 68 தரம் சொல்லி அடைந்த பலனை, மூன்று நாட்களாகப் பிரித்துச் சொன்னபோது 38 தரத்திலேயே அடைந்தார். ஏறக்குறைய அரைவாசி உழைப்பு மிச்சம்! ஓவர்ரைம் இல்லாமல் அதே சம்பளம் வந்தமாதிரி.

இதை வீட்டில் செய்ய ஒரு சப்பாத்துப் பெட்டி போதும். லைட்னர் என்பவர் 1972 இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலில் பரப்பின முறை இது. சின்ன அட்டைகள் வெட்டுங்கோ. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. பெட்டிக்குள் மட்டையால் ஐந்து அறை பிரியுங்கோ. எல்லா அட்டையும் முதல் அறையில் தொடங்கும். விடை சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், பிழைத்தால் திரும்ப முதல் அறைக்கு வரும். முதல் அறையை ஒவ்வொரு நாளும் பாருங்கோ. இரண்டாவதை இரண்டு நாளுக்கு ஒருதரம், மூன்றாவதை நான்கு நாளுக்கு ஒருதரம், நான்காவதைக் கிழமைக்கு ஒருதரம், ஐந்தாவதை இரண்டு கிழமைக்கு ஒருதரம் பார்த்தால் போதும். தெரிந்ததில் நேரம் வீணாகாது, தெரியாதது ஒளிக்க இடமிருக்காது. என்னுடைய பெட்டியில் இப்போது நூற்று நாற்பது அட்டைகள். சின்னவன் அட்டையை எடுத்துக் கேட்பான். நான் பிழையாகச் சொன்னால் அவனுக்குத்தான் கொண்டாட்டம்.

இந்தக் குடியுரிமைக்கும் நிரந்தர வதிவிடத்துக்கும் எழுதுகிற "லைஃப் இன் த யூகே" சோதனைக்கும் இந்தப் பெட்டி நல்லது. 45 நிமிஷத்தில் 24 கேள்வி, 18 சரியாக இருக்க வேண்டும். அதில் ஆண்டுகளும் பெயர்களும்தான் அதிகம். அவை அட்டைக்கென்றே பிறந்தவை.

நேரம் எங்கே இருக்கிறது?

"நேரம் இல்லை" என்று சொல்லாத அகதியை நான் காணவில்லை. உண்மைதான். ஒரே இருப்பில் மூன்று மணித்தியாலம் எங்களுக்குக் கிடைக்காது. ஆனால் இருபத்தைந்து நிமிஷம் கிடைக்கும். பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலியர் மாணவனாக இருந்த காலத்தில், 1980 களின் பிற்பகுதியில், தக்காளிப்பழம் மாதிரியான ஒரு குசினி மணியை முடுக்கி வைத்துப் படித்தார். இருபத்தைந்து நிமிஷம் படிப்பு, ஐந்து நிமிஷம் ஓய்வு. மணி அடிக்கும்வரை ரெலிபோன் அடுத்த அறையில்.

என்னுடைய நேரசூசியைச் சொல்கிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, சமையலைத் தொடங்க முன், இருபத்தைந்து நிமிஷமாக இரண்டு தரம். கிழமையில் நாலு நாள். அது 200 நிமிஷம். ஞாயிறு இங்கே சங்கத்தில் இரண்டு மணித்தியாலம். மொத்தம் 320 நிமிஷம், அதாவது 5 மணித்தியாலமும் 20 நிமிஷமும். சமையலைத் தொடங்க முன் என்று சொன்னதைக் கவனியுங்கோ. சமையல் முடிய என்று வைத்தால் அந்த நேரம் வரவே வராது.

இரவு ஷிப்ற் செய்கிறவர்களுக்கு ஒரு சொல். நித்திரையை வெட்டிப் படிக்காதேயுங்கோ. படித்ததை மூளை பதிந்து வைப்பது நித்திரையில்தான். விடிய வீட்டுக்கு வந்தவுடன் புத்தகத்தை விரிப்பதைவிட, படுத்து எழும்பி இருபத்தைந்து நிமிஷம் படிப்பது மேல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களில் பலருடைய தலை போர் பார்த்த தலை. வழக்கு முடிவுக்காக வருஷக்கணக்காகக் காத்திருக்கிற தலையும் உண்டு. புத்தகத்தை விரித்தால் வரி ஓடாது, மனம் வேறெங்கோ போகும். அதை மொக்குத்தனம் என்று நினைக்காதேயுங்கோ. பாரம் சுமக்கிறவர் மெதுவாகத்தான் நடப்பார். அப்படிப்பட்ட நாளில் பத்து நிமிஷம் போதும், ஐந்து அட்டை போதும். மனப்பாரம் கூடி நித்திரையும் இல்லையென்றால் டொக்டரிடம் சொல்லுங்கோ. வெட்கப்பட ஒன்றுமில்லை.

கணக்குத் தெரியும், கேள்விதான் தெரியாது

தமிழில் படித்து வந்த எங்களுக்கு என்று ஒரு விசேஷம் இருக்கிறது. பின்னம், விகிதம், சமன்பாடு எல்லாம் ஊரில் படித்ததுதான். அடியில் கிடக்கிறது, தூசி தட்டினால் வரும். கேள்வியின் ஆங்கிலம்தான் காலை வாரும்.

"எஸ்ரிமேற்" என்று கேட்டால் சரியான விடையைக் கஷ்டப்பட்டுக் காணக்கூடாது. இலக்கங்களை முதலில் மட்டந்தட்டி, சுமாரான விடையைக் காண வேண்டும். 19.8 ஐ 20 ஆக்கு, 5.13 ஐ 5 ஆக்கு, பெருக்கினால் 100. அதுதான் அவர்கள் கேட்கிற விடை. "ஹென்ஸ்" என்று வந்தால் மேலே கண்ட விடையைப் பாவித்து இதைச் செய் என்று அர்த்தம். "ஓஃப்" என்ற சின்னச் சொல் வீதத்துக்கும் பின்னத்துக்கும் பக்கத்தில் நின்றால் அது பெருக்கல். இப்படியான சொற்கள் ஒரு ஐம்பது அறுபதுதான் இருக்கும். அவற்றை அட்டையில் எழுதுங்கோ. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ் விளக்கமும் ஒரு உதாரணமும். தமிழில் யோசிப்பதை விடத் தேவையில்லை. யோசனை தமிழில் ஓடட்டும், விடை ஆங்கிலத்தில் இறங்கட்டும்.

சோதனையின் அமைப்பும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வினாத்தாள்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம், 80 புள்ளி. முதலாவதில் கல்குலேற்றர் இல்லை. ஒரு புள்ளிக்கு ஒரு நிமிஷத்துக்குச் சற்றுக் கூட நேரம் வரும். ஃபவுண்டேஷன் என்ற மட்டத்தில் எழுதினால் ஆகக்கூடியது 5 ஆம் தரம். எங்களில் அநேகமானோருக்குத் தேவையான 4 ஆம் தரத்துக்கு அதுவே போதும். விடை பிழைத்தாலும் செய்கைக்குப் புள்ளி உண்டு. ஆகவே மனக்கணக்காகச் செய்து விடையை மட்டும் எழுதுகிற எங்கள் கெட்டித்தனம் இங்கே நட்டம். ஒவ்வொரு வரியையும் எழுதுங்கோ.

கடந்தகால வினாத்தாள்களையும் புள்ளியிடும் முறையையும் சோதனைச் சபைகள் இன்ரநெற்றில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. கடைசி இரண்டு மாதமும் அவைதான் பாடப்புத்தகம். ஒரு நாள் முழுக்கப் பின்னம், மறுநாள் முழுக்க வட்டம் என்று செய்யாமல், கலந்து செய்யுங்கோ. சோதனையில் கேள்விகள் கலந்துதான் வரும். இது எந்த வகைக் கணக்கு என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை.

சந்தோஷமாகப் படிக்க

படிப்பு இனிக்க வேண்டுமென்றால் எங்கள் வாழ்க்கையிலிருந்து கணக்கை எடுக்க வேண்டும். ஞாயிறு வகுப்பில் ஒருநாள் சீட்டுக் கணக்குப் போட்டோம். பத்துப் பேர், மாதம் 200 பவுண், மொத்தம் 2,000. ஒருவர் 300 கழித்து எடுக்கிறார். கழிவு எத்தனை வீதம்? பதினைந்து. அந்த 300 ஐப் பத்துப் பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 30. ஆகவே அந்த மாதம் 170 பவுண் கட்டினால் போதும். புத்தகத்தில் வீதக் கணக்கைக் கண்டு பயந்த அக்கா ஒருவர், சீட்டென்றவுடன் எங்களுக்கு முந்தி விடையைச் சொன்னார். இருபது வருஷம் சீட்டுப் பிடித்தவருக்கு வீதம் தெரியாதோ!

அடுத்த கிழமை வட்டி. மாதம் நூற்றுக்கு இரண்டு என்றால் வருஷத்துக்கு 24 தானே என்று எல்லோரும் சொன்னோம். வட்டியையும் முதலோடு சேர்த்துக்கொண்டே போனால் 1,000 பவுண் கடன் பன்னிரண்டு மாதத்தில் 1,268 பவுண் 24 பென்ஸ் ஆகிறது. 24 வீதமல்ல, 26.8 வீதம். அன்றைக்கு ஒருத்தரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போகவில்லை. வங்கி அட்டைக் கடனைப் பற்றிய கதை இரவு வரை போனது.

ஒருவருக்கொருவர் படிப்பிப்பது இன்னுமொரு சந்தோஷம். அது இந்த நாட்டுக்கு எங்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது என்றால் நம்புவீர்களோ? அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சென்னையில் ஒரு அநாதைப் பள்ளியை நடத்தினார். அங்கே உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். அதைத் தன் பள்ளிக்கூடத்தில் செய்யும்படி, கொஞ்சம் தெரிந்த ஒரு சின்னப் பையனை விட்டு மற்றப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். 1797 இல் லண்டனில் அதைப்பற்றி நூல் வெளியிட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அது இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பரவியது. ஸ்கொட்லாந்தில் சென்ற் அன்ட்ரூஸ் நகரில் மெட்ராஸ் கொலிஜ் என்ற பள்ளிக்கூடம் அந்தப் பெயரோடு இன்றும் இருக்கிறது. மணலில் எழுதின பிள்ளைகளின் வழியில் வந்த நாங்கள் ஏன் ஒருவருக்கொருவர் படிப்பிக்கக் கூடாது? ஒன்றை மற்றவருக்கு விளங்கப்படுத்தப் போனால்தான் எங்களுக்கு எது விளங்கவில்லை என்று தெரியவரும். எங்கள் வகுப்பில் கிழமைக்கு ஒருவர் பத்து நிமிஷம் படிப்பிக்க வேண்டும் என்று சட்டம். தேத்தண்ணியும் றோல்ஸும் மற்றவர்கள் கொண்டுவர வேண்டும் என்பதும் சட்டம்.

வெட்கம்

கடைசியாக, வெட்கம். கொலிஜ் வகுப்பில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு இருக்க வெட்கம். தெரியாது என்று கை உயர்த்த வெட்கம். தன்னுடைய பிள்ளையிடம் கேட்க வெட்கம். ஆனால் அதே நாங்கள், கடிதம் வந்தால் பிள்ளையைக் கூப்பிடுகிறோம். ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறோம். ஒன்பது வயதுப் பிள்ளை தாயின் வருத்தத்தை டொக்டருக்கு மொழிபெயர்த்துக்கொண்டு நிற்பதை இங்கே எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், கேட்க வேண்டும். என்றாலும் அந்தப் பிள்ளையின் தோளிலிருந்து அந்தச் சுமையை முற்றாக இறக்கக்கூடியவர் அந்தத் தாய்தான். வகுப்பில் கை உயர்த்துகிற வெட்கம் ஒரு நிமிஷம். மற்றது பிள்ளை வளருமட்டும் இருக்கும்.

என்னுடைய மகளுக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து படிக்கிறோம். சில கணக்கு அவள் எனக்குக் காட்டித் தருகிறாள், சிலது நான் அவளுக்கு. "படி, படி" என்று நான் அவளுக்குச் சொல்லி எத்தனையோ நாளாகிவிட்டது. சொல்லத் தேவை வரவில்லை.

இனி என்ன செய்யலாம்?

இங்கிலாந்தில் 19 வயதுக்கு மேற்பட்டவர்கள், ஆங்கிலத்திலோ கணிதத்திலோ 4 ஆம் தரம் இல்லாவிட்டால், வதிவிட நிபந்தனைகளுக்கு அமைய இலவசமாகப் படிக்கலாம். தஞ்ச மனுவின் முடிவுக்குக் காத்திருப்பவர்களும் தங்களுக்கு என்ன உண்டு என்று பக்கத்துக் கொலிஜில் நேரே கேளுங்கோ. "எங்களுக்கு இல்லையாம்" என்று மற்றவர்கள் சொன்னதைக் கேட்டுத் திரும்பாதேயுங்கோ. வகுப்புகள் அநேகமாகப் புரட்டாதியில் தொடங்கும். முதலில் ஒரு சின்னப் பரீட்சை வைத்து மட்டம் பார்ப்பார்கள். அதனால் ஆனி, ஆடியிலேயே விசாரிக்க வேண்டும். இன்னும் மேலே போக விரும்புகிறவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. 1969 இல் தொடங்கப்பட்டது. அதன் பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்கு முன்தகைமை கேட்பதில்லை. வேலை செய்துகொண்டே, வீட்டிலிருந்தே படிக்கலாம்.

எங்கள் ஞாயிறு வகுப்பை ஐப்பசியில் பதினொரு பேர் தொடங்கினோம். இப்போது ஏழு பேர். மூன்று பேருக்கு ஷிப்ற் மாறிவிட்டது. ஒருவர் மட்டும் "என்னாலை ஏலாது" என்று நின்றுவிட்டார். அவர் இன்றைக்கு இங்கே வந்திருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன். அவருக்கு நான் சொல்வது இதுதான்: சீட்டுக் கணக்கில் எங்கள் எல்லோரையும் முந்தினது நீங்கள். உங்கள் கதிரை அப்படியே இருக்கிறது அக்கா.

மற்றவர்களுக்கும் இடம் இருக்கிறது. ஒரு கொப்பி, ஒரு பேனை, ஒரு சப்பாத்துப் பெட்டி கொண்டு வாங்கோ. ஞாயிறு மூன்று மணிக்கு இந்த மண்டபத்தின் பின்னறை. புத்தாண்டன்று நல்லநேரம் பார்த்துக் கைவிசேஷம் வாங்குகிறோம். இந்த முறை அதே நல்லநேரத்தில் ஒரு அட்டையும் எழுதுங்கோ. முதல் கேள்வி எதுவாகவும் இருக்கலாம்.

எல்லோருக்கும் என்னுடைய இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.